தரையோடு கிடந்த காற்று

புயலுக்காக ஊர் முழுக்க லீவு விட்டாயிற்று. காவ்சியுங் துறைமுகத்தில் கப்பல்களையெல்லாம் கட்டிப்போட்டுவிட்டார்கள். ஆனால் மீனுக்கு ஏது லீவு? பெய்ஷான் காலையிலேயே கடைக்கு வந்துவிட்டாள். வண்ண மீனும் நீர்ச்செடியும் விற்கும் கடை அது. தெருவிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கித் தரைக்கடியில் போக வேண்டும். கணவன் தூரக்கடல் கப்பலில் போயிருக்கும் மாதங்களில் அவளும் அவனுடைய அக்கா யுன்சூவும்தான் கடையைப் பார்த்துக்கொண்டார்கள்.

யுன்சூவுக்கு உடம்பும் பெரிது, குரலும் பெரிது. வந்ததும் மேலே ஷட்டரை இறக்கி உள்பக்கம் மணல் மூட்டைகளை அடுக்கினாள். காற்றை வெளியே தள்ளும் விசிறியை நிறுத்தி, அந்தத் துவாரத்தில் பழைய போர்வையைத் திணித்தாள். செடிகளுக்கு விடும் கரியமில வாயுவின் பெரிய சிலிண்டர் படியோரம் நனையும் என்று, அதை உருட்டிக்கொண்டு போய் மூலையில் நிறுத்தினாள். வழியில் அது இரும்பு ரேக்கில் ணங்கென்று இடித்தது.

"பாத்து அண்ணி!"

"நீ தூக்குறியா? வாயால மட்டும் நல்லாத் தூக்குவ."

மேலே காற்று ஊளையிட ஆரம்பித்தபோது முதல் மீன் குதித்தது. கோடாரி மாதிரி வயிறு புடைத்த சின்ன மீன். பெய்ஷான் அதைப் பொறுக்கித் தொட்டியில் போட்டாள்.

"அது எப்பவும் குதிக்கிற ஜாதிதானே, மூடியப் போடு" என்றாள் யுன்சூ.

மூடியைப் போட்டுத் திரும்புவதற்குள் பின்னால் சளப்பென்று சத்தம். அடுத்த வரிசையில் ஒன்று. அப்புறம் இரண்டு. அப்புறம், நாள் முழுக்க அடிமணலைத் துழாவிக்கொண்டு கிடக்கும் மீசை மீன் ஒன்று விருட்டென்று மேலே வந்து எகிறி அவள் காலடியில் விழுந்தது. அந்த ஜாதி குதித்து அவள் பார்த்ததே இல்லை. நிமிர்ந்து பார்த்தாள். எல்லாத் தொட்டிகளிலும் மீன்கள் மேல்மட்டத்தில் வந்து ஒட்டிக்கொண்டு வாயை வாயைத் திறந்தன.

"அண்ணி, பூகம்பம் வரப்போகுதோ?"

"புயலையும் பூகம்பத்தையும் ஒரே நாள்ல அனுப்ப மாட்சு அம்மனுக்கு வேற வேலை இல்லையா? புயல்னா மீன் துள்ளத்தான் செய்யும். உன்னைய விட அதுங்களுக்கே தைரியம் ஜாஸ்தி."

"எனக்கு நெஞ்சு படபடங்குது. மேல போயிடலாம் அண்ணி."

"போ. போய் பக்கத்துக்கடை லோவோட பொண்டாட்டிகிட்ட டீ வாங்கிக் குடி. நான் பாத்துக்குறேன்."

போகலாமா என்று நினைத்தாள். தலை வலித்தது. பயத்தில்தான் இப்படி மூச்சு வாங்குகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் பெரிய தொட்டியின் கண்ணாடி மூடி தெறித்தது. கணவன் ஆசையாக வளர்த்த டிராகன் மீன், முழங்கை நீளம், வெள்ளியாக மின்னி வெளியே பாய்ந்து தரையில் அடித்துக்கொண்டு ரேக்கின் அடியில் வழுக்கிப் போய்விட்டது.

"ஐயோ, தம்பி மீனு!" யுன்சூ மழைக்கோட்டோடு தரையில் குப்புறப் படுத்தாள். கையை ரேக்குக்கடியில் விட்டுத் துழாவினாள். "வா ராசா... வழுக்காத... இந்தா, வாலு கைல..."

பேச்சு நின்றது.

"கெடச்சிருச்சா அண்ணி?"

மழைக்கோட்டின் முதுகு ஏறி இறங்கவில்லை.

"அண்ணி, விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

யுன்சூ வம்புக்காரி. ஆனால் மூச்சு விடாமல் விளையாட மாட்டாள். பெய்ஷான் குனிந்தாள். சோடா குடித்தால் மூக்கில் ஏறுமே, அப்படிச் சுரீரென்று ஏறியது. கண் இருண்டது. ரேக்கைப் பிடித்துக்கொண்டு தடுமாறி நிமிர்ந்தாள். நிமிர்ந்ததும் கொஞ்சம் தெளிந்தது. காது கொடுத்தாள். மூலையில் சிலிண்டர் மெல்ல 'ஸ்ஸ்' என்றது.

வாயு கனமானது, தரையோடு தேங்கும். தொட்டிகளுக்குக் காற்று ஊதும் மோட்டாரும் தரையில்தான் இருந்தது. அது இவ்வளவு நேரமும் அந்த வாயுவைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருந்தது. மீன்கள் மூச்சு முட்டித்தான் குதித்தன. குதித்து விழுந்ததும் அதே வாயுவில்தான்.

மூன்றாம் படியில் ஏறி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு இறங்கினாள். மழைக்கோட்டின் தொப்பியைப் பிடித்து இழுத்தாள். யுன்சூ அசையவில்லை. மறுபடி படிக்கு ஓடி, மூச்சு வாங்கி, மறுபடி இறங்கினாள். இந்தத் தரம் ஈரத்தரை வழுக்கிக் கொடுத்தது. படிவரை இழுத்து, அந்தத் தலையை எப்படியோ இரண்டாம் படியில் தூக்கி வைத்தாள். அதற்குமேல் முடியவில்லை. முகம் நீலம் பாரித்திருந்தது. "அண்ணி, அண்ணி" என்று அழுதுகொண்டே மேலே ஓடி, மூட்டைகளை உதைத்துத் தள்ளி ஷட்டரைத் தூக்கினாள். மழை முகத்தில் அறைந்தது.

"லோ அண்ணே!"

பக்கத்தில் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருந்த லோ ஓடி வந்து நேராக இறங்கப் போனார். அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விஷவாயு! மூச்சப் பிடிச்சுக்கிட்டு வாங்க. கீழ குனிஞ்சு மூச்சு விட்றாதீங்க!"

இருவருமாக யுன்சூவைத் தெருவுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். லோவின் மனைவி ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். கொட்டுகிற மழையில் பெய்ஷான் அந்தக் கனத்த மார்பை அமுக்கினாள், வாயோடு வாய் வைத்து ஊதினாள். செத்துவிட்டாள் என்றே நினைத்தாள். அப்போது யுன்சூ ஒரு தரம் கொக்கரித்தாற்போல் இருமி, வாந்தியெடுத்து, கண்ணைத் திறந்தாள்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கடையில் பாதி மீன்கள்கூடப் பிழைக்கவில்லை. டிராகன் மீனைத் தீயணைப்புக்காரர்தான் ரேக்கடியிலிருந்து எடுத்தார்.

அடுத்த வாரம் விசிறி ஓட, கணுக்கால் உயரத்தில் வாயுவைக் காட்டும் கருவி மாட்டி, இருவரும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். யுன்சூ வாயே திறக்கவில்லை. கடைசிப் படியில் கால் வைத்ததும் ஏதோ ஒரு தொட்டியில் சளக்கென்றது. அடுத்த நிமிஷம் இருவரும் தெருவில் நின்று மூச்சிரைத்துக்கொண்டிருந்தார்கள்.

லோ சிரித்தார். அவர்கள் சிரிக்கவில்லை.

"சோறு தின்னுட்டு வந்து பாத்துக்கலாம்டி" என்றாள் யுன்சூ, பிடித்த கையை விடாமல்.