வேலிக்கு அந்தப் பக்கத்து மரம்

செண்பகத்தோப்புப் பாதையில் சமுத்திரத்தின் மாந்தோப்பைத் தெரியாதவர் கிடையாது; தெரியாவிட்டால் அவரே பிடித்து நிறுத்திச் சொல்லிவிடுவார். தாத்தா கண்டெடுத்த ஒற்றை மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருக்கிய தோப்பு. "அம்புட்டும் ஒரே ரத்தம். கலப்புங்கிற பேச்சே இல்ல" என்று ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தை முழுக்கப் பீற்றிக்கொள்வார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இம்மானுவேலின் நாட்டு மாமரம் ஒன்று நின்றது. காயைக் கடித்தால் பல் கூசும். அது பூக்கும்போதெல்லாம் சமுத்திரத்துக்கு வயிறு எரியும்; அதன் மகரந்தம் விழுந்து தன் தோப்பின் வம்சமே கெட்டுவிடுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இம்மானுவேல் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போயிருந்த நேரம், தூரில் துளை போட்டுப் பெருங்காயத்தைத் திணித்தார். எதற்கும் இருக்கட்டுமென்று களைக்கொல்லியையும் ஊற்றினார். மரம் பட்டுப்போனது. "வயசான மரந்தானே, விடும்" என்று துக்கம் விசாரிக்கவும் போனார். வெட்கங்கெட்ட மனுஷன்.

அடுத்த இரண்டு வருஷமும் தோப்பு பூத்துக் குலுங்கியது. பிஞ்சுதான் பிடிக்கவில்லை. உரம் வைத்தார், மருந்தடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. மதுரையில் தாவர ஆராய்ச்சி செய்யும் மகள் சிவரஞ்சனி இலைகளைக் கொண்டுபோனாள். மரம் பட்டுப்போகும் முன்பே ஆராய்ச்சிக்கென்று எடுத்து வைத்திருந்த இம்மானுவேல் மரத்து இலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, நம்ம மரமே கலப்புதான். தகப்பன் வழி அந்தப் புளிப்பு மா. அதுக்கு முன்னாடியும் அப்படித்தான், தலைமுறை தலைமுறையாக் கலந்துதான் இந்த ருசியே வந்திருக்கு."

"அது கெடக்கட்டும். காய் ஏன் பிடிக்கல?"

"ஒட்டுக்கட்டினதால தோப்பு முழுக்க ஒரே மரந்தான். இதுக்கு இதோட மகரந்தமே சேராது. இம்புட்டு நாளும் காய்ச்சது இம்மானுவேல் மாமாவோட மரத்தாலதான்."

சமுத்திரம் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் வழி இருக்குப்பா. அதோட கொட்டையில முளைச்ச மரம் கான்சாபுரத்துல மாமாவோட தங்கச்சி வீட்டுல நிக்குதாம். அந்தக் குச்சியை நாலு மரத்துல ஒட்டுக்கட்டினா தோப்பு பிழைச்சுக்கிடும். மாமா வாங்கித் தாரேன்னுதான் சொல்லுதாவ. தூருல துளை போட்டது யாருன்னு மட்டும் உங்க வாயால சொல்லணுமாம்."

சொல்லிவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்பது அவருக்குப் புரிந்தது.

"எவன் போட்டானோ, எனக்கென்ன தெரியும்?" என்றார்.

சிவரஞ்சனி அன்றைக்கே மதுரைக்குப் பஸ் ஏறினாள். மறுவாரம் ராஜபாளையத்திலிருந்து மர வியாபாரியின் லாரி வந்தது. தோப்பில் நோய் விழுந்துவிட்டதென்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, முதலில் எந்த மரத்தை அறுக்க வேண்டும் என்று சமுத்திரமே கைகாட்டினார்.