தாய்மாமன் கட்டிய ஃப்ளெக்ஸ்

அந்த இளவரசியை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. பெயர் தாமிரா. தினமும் சாயங்காலம் மலையாளச் சானலில் கார்ட்டூனாக வருவாள். யாரையும் கேட்காமல் குதிரை ஏறுவாள். அப்பா ராஜா பார்த்த மாப்பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்புவாள். வாளை உருவினால் ஊரே ஒதுங்கும். பெண்பிள்ளைகளுக்குத் தைரியம் வரும், பார்க்க விடுங்கள் என்று என் மகள் மகாவின் டீச்சர்கூடச் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கோட்டை இருக்கிறது, குதிரை இருக்கிறது, சண்டை முடிந்து வந்தால் சோறு ஆக்கி வைத்திருக்க ஆள் இருக்கிறது. அதெல்லாம் இருந்தால் நானும்தான் வாளை உருவுவேன். ஹோட்டல் அடுப்படியில் நாள் முழுக்க வெங்காயம் உரிக்கிறவளுக்கு இவள் வந்து தைரியம் சொல்லிக் கொடுக்கிறாளாம்.

மகா ஏழாம் வகுப்பு. இங்கே கொச்சி மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பெரியவளான செய்தியை ஊருக்குச் சொல்ல வேண்டாமென்று நான் படித்துப் படித்துச் சொல்லியும் என் வீட்டுக்காரர் ராசப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து என் தம்பி மாரிச்செல்வம் போனிலேயே குதித்தான்.

"யக்கா, தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஹாலைப் புடி. சீர் கொண்டு வந்து சடங்கை ஜாம்ஜாம்னு நடத்திருவோம்."

எங்கள் ஊர்ப்பக்கம் சடங்கு என்றால் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்ட வேண்டும். பெண்ணின் படம் பெரிதாக, அடியில் மாமன்மார் வரிசையாகக் கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே எங்கள் தெருவில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. வயதுக்கு வந்ததையா போஸ்டர் அடிப்பார்கள் என்று வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

மாரிச்செல்வம் வாட்ஸப்பில் டிசைனை அனுப்பினான். தாமிராவின் உடம்பில் என் மகளின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். தலையில் கிரீடம், கையில் வாள். 'பூப்பெய்திய எங்கள் குல இளவரசிக்கு' என்று தங்க நிறத்தில் எழுத்து. மகாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்து முடித்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"அம்மே, இது வேண்டா. இதை ரோட்டுல கெட்டினா பின்ன நான் ஸ்கூலுக்குப் போகமாட்டேன். எல்லாரும் களியாக்கும்."

அப்போதே தம்பியைக் கூப்பிட்டேன். "ஏல, சடங்கு நடத்து, சீர் வை. அந்தப் படத்தை மட்டும் கட்டாத. புள்ளையைக் கேலி பண்ணியே கொன்னுருவாளுக."

"அவளுக்குப் புடிச்ச பொம்மைன்னு மச்சான்தான்க்கா சொன்னாரு."

"டி.வி.யில பாக்கப் புடிக்கும். ரோட்டுல தொங்கப் புடிக்குமா?"

"சரிக்கா, சரிக்கா" என்றான். நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் ஹாலுக்குப் போகும்போது பார்த்தேன். பள்ளிக்கூடம் போகிற வழியில், ஹாலை ஒட்டிய முக்கிலேயே, இரண்டு கம்பம் நட்டுக் கட்டியிருந்தான். மகாவின் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் போன். மகா என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஹாலில் தம்பி வெள்ளைச் சட்டையில் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். வேனில் வந்த சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள்.

"கழட்டுல அதை."

"என்னக்கா, வந்ததும் வராததுமா..."

"கழட்டுன்னு சொன்னேன்."

அவன் தட்டைக் கீழே வைத்தான். முகம் மாறிவிட்டது. "அதைக் கழட்டுனா நானும் கழண்டுக்குவேன். தட்டையெல்லாம் வேன்ல ஏத்திட்டுப் போயிட்டே இருப்பேன். அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. உனக்குப் பொறந்த வீடுன்னு நான் ஒருத்தன்தான் இருக்கேன். நெனப்புல வச்சுக்கோ."

"விடு கற்பகம், ஒருநாள் கூத்துதானே" என்றார் ராசப்பன். அவரை நான் பார்த்த பார்வையில் பந்திப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

"புள்ளையே சொல்லட்டும்" என்றான் தம்பி. "மகா, இங்க வாம்மா. மாமன் வச்ச படம் புடிச்சிருக்கா, இல்லையா?"

பட்டுப்பாவாடையில் வந்து நின்றாள். கூட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. சொல்லுடி, என்று எனக்குள் கத்தினேன். இத்தனை நாள் டி.வி. முன்னால் உட்கார்ந்ததற்கு இப்போதாவது ஒரு வார்த்தை சொல். அவள் மாமனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"நல்லா இருக்கு மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி மீசையைத் தடவினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அறைந்திருப்பேன். அந்த டி.வி.யைத் தூக்கிக் காயலில் எறிந்திருப்பேன். ஆனால் அவள் இன்னும் என்னையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள், கண்ணில் நீர் முட்டிக்கொண்டு. அப்போதுதான் விளங்கியது. எனக்குப் பிறந்த வீடு போய்விடக் கூடாதென்று அந்தச் சின்னது தன் மானத்தை எடுத்து நீட்டியிருக்கிறது.

ஹால் அடுப்படிக்குப் போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு நடந்தேன். பின்னால் தம்பி கத்திக்கொண்டே வந்தான். ஒரு கம்பத்துக் கயிற்றை அறுத்தேன், பிறகு அடுத்ததை. இளவரசி நடுரோட்டில் மல்லாக்க விழுந்தாள். ஒரு ஆட்டோ பிரேக் போட்டது. "எந்தா சேச்சி, பிராந்தாயோ?" என்றான் டிரைவர். ஆமாம், பைத்தியம்தான் என்றேன்.

"இனிமே எனக்கு அக்காவே கெடையாது" என்றான் மாரிச்செல்வம். சொன்னபடியே செய்தான். தட்டுகள் வேனில் ஏறின. வந்தவர்களும் ஏறினார்கள். போகிறபோது அவன் ஜன்னல் வழியே திரும்பிப் பார்ப்பான் என்று நின்றேன். பார்க்கவில்லை.

மகா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் என் கையில் அடித்தாள்.

"நான் நல்லா இருக்குன்னு சொன்னேனில்லே? பின்ன எந்தினா அறுத்தே? இனி அம்மைக்கு யாரு இருக்கா?"

"எனக்காகப் பொய் சொல்லச் சொல்லி உன்னை எவடி கேட்டா?" என்று நானும் கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது.

எந்த இளவரசியும் தன் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள் என்று கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டேன். திமிறினாள், திட்டினாள், முதுகில் குத்தினாள். நான் விடவில்லை.