இன்னொரு திருகு

"கண்ணாடியை அசைக்காதீங்க மச்சான்" என்று காருக்கு அடியிலிருந்து நாகராசு சொன்னான்.

சிவசாமி கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. காலை வெயிலை அதில் வாங்கி, காரின் வயிற்றுக்குக் கீழே தள்ளிக்கொண்டு அரை மணி நேரமாகக் குந்தியிருந்தான். வீட்டுக்குள்ளே அவன் தங்கை உண்ணாமலை முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். தலைப்பிள்ளை. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி என் கையில் ஒன்றுமில்லை, புதுக்கோட்டைக்குக் கொண்டுபோங்கள் என்று விடியும்போது மருத்துவச்சி சொல்லிவிட்டாள். இருபத்து நாலு மைல். மாட்டு வண்டி போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கார் என்றால் ஒன்றரை மணி நேரம்.

கார் செட்டியாருடையது. அதை ஓட்டுகிறவனும் பழுது பார்க்கிறவனும் உண்ணாமலையின் புருசன் நாகராசுதான். கேட்ட உடனே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் செட்டியார். ஆனால் ரங்கூனில் குண்டு விழுந்த நாளிலிருந்து ஷெட்டிலேயே கிடந்த வண்டி அது. அரை மைல் ஓடி வந்து வீட்டு வாசலில் நின்றதும், ஆயில் தொட்டியின் அடியில் இருக்கிற போல்ட்டு கழன்று விழுந்தது. தொட்டி அலுமினியம். வருசக்கணக்காகக் கழற்றிக் கழற்றி மாட்டி, போல்ட்டைப் பிடிக்கத் துளைக்குள் இருந்த மரை தேய்ந்து வழவழவென்று போயிருந்தது. இருந்த ஆயில் அத்தனையும் வாசலில் கொட்டியது. டிக்கியில் இன்னும் ஒரே ஒரு டின் ஆயில் இருந்தது.

சண்டைக் காலத்தில் புது சாமானுக்கு எங்கே போவது? நாகராசு தன் பெட்டியைக் கிளறி, பழைய போல்ட்டைவிட ஒரு நூல் தடித்த போல்ட்டு ஒன்றைக் கண்டெடுத்தான். துளையை அராவிப் பெரிசாக்கினான். இப்போது அதில் புதிதாக மரை வெட்டிக்கொண்டிருந்தான். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சுருள் சுருளாக வந்த தூளைத் துடைத்துவிட்டு, எண்ணெய் தொட்டு, மறுபடி அரைச் சுற்று முன்னே.

உள்ளே உண்ணாமலை கத்தினாள். சிவசாமி காருக்கு அடியில் குனிந்தான்.

"வெரசா முடிங்களேன் மாப்ளே. அவ கத்துறது ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்குது மச்சான்." கை நிற்கவில்லை. "அவசரப்பட்டா மரை கோணிக்கும். கோணிருச்சுன்னா இந்தத் தொட்டியை வச்சுக்கிட்டு ஒண்ணும் செய்ய முடியாது."

இவனெல்லாம் ஒரு மனுசனா என்று சிவசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவன் மோதிரத்துக்குக் கல் பதிக்கிற மாதிரி நிதானமாகச் செய்துகொண்டிருக்கிறானே. சிவசாமி மாடு பூட்டிக் கிணற்றில் கமலை இறைக்கிறவன். தளர்ந்த கயிறு கிணற்றோடு போகும், தளர்ந்த கடையாணி பாதி வழியில் சக்கரத்தைக் கழற்றிவிடும். அவன் அறிந்த உலகத்தில் அதிகமாக இறுக்கியதால் எதுவும் கெட்டதில்லை. சிவசாமி போட்ட முடிச்சை அரிவாளை வைத்துத்தான் அவிழ்க்க வேண்டும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை.

கடைசியில் நாகராசு ஒரு துண்டு கமலைத் தோலை வட்டமாக நறுக்கி வாஷராகப் போட்டு, போல்ட்டை விரலாலேயே ஏற்றினான். விரல் நின்ற இடத்திலிருந்து ஸ்பானரால் கால் சுற்று. அதோடு வெளியே வந்து ஆயிலை ஊற்றினான். சிவசாமி குனிந்து பார்த்தான். போல்ட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.

"ஒழுகுதே மாப்ளே. நல்லா இறுக்குங்க."

"இறுக்கக் கூடாது. இந்த அலுமினியம் வெண்ணெய் மாதிரி. இன்னொரு திருகு திருகுனா மரை பூராவும் உரிஞ்சு வந்துரும். சொட்டுத்தானே, சொட்டட்டும். தோலு ஆயிலைக் குடிச்சு உப்புனா தானா நின்னுரும்."

பின் சீட்டில் மெத்தையை விரித்து உண்ணாமலையைப் படுக்க வைத்தார்கள். மருத்துவச்சி அவள் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். ஆத்தா சந்தனம் நானும் வருவேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடம் இல்லை.

"ஆம்பளப் பய நீ கூடப் போறே, பாத்துக்க" என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கதவை விட்டாள்.

குழிபிறை தாண்டியதும் வண்டியின் முன்னால் ஆவி கிளம்பியது. ஓர் ஊருணிக் கரையில் நிறுத்தி, நாகராசு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இறங்கினான். படிக்கட்டுக் கீழே எங்கேயோ கிடந்தது தண்ணீர்.

"அண்ணே" என்றாள் உண்ணாமலை. குரல் தேய்ந்திருந்தது. "போயிச் சேந்துருவமா?"

"சேந்துருவோம் தாயி. பாதி வழி வந்தாச்சு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். சிவசாமிக்கு அங்கே நிற்க முடியவில்லை. சும்மா இருக்கத் தெரியாத கை அவனுக்கு. முன்பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். புழுதியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பாக நனைந்திருந்தது. அவன் பார்க்கும்போதே இன்னொரு சொட்டு, அதன் பின்னால் இன்னொன்று. இருக்கிறதோ ஒரு டின் ஆயில். இப்படியே போனால் வழியில் தீர்ந்துபோகாதா? தங்கச்சி உயிர் இந்தச் சொட்டில் அல்லவா போய்க்கொண்டிருக்கிறது?

ஸ்பானர் முன் சீட்டின் காலடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்துக் கையை உள்ளே விட்டான். கொஞ்சம்போலத் திருகினான். போல்ட்டு கடித்து நகர்ந்தது. தொங்கிய சொட்டு விழாமல் நின்றது. அப்பாடா என்றிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு திருகு திருகினான்.

இரும்பு திடீரென்று இலகுவாகிவிட்டது. எவ்வளவு திருப்பினாலும் சுற்றியது, எங்கேயும் பிடிக்கவில்லை. விரலால் போல்ட்டை மேலே அழுத்திப் பார்த்தான். இருந்தது. சொட்டவும் இல்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். ஸ்பானரை எடுத்த இடத்திலேயே போட்டான்.

நாகராசு மூச்சு வாங்க ஓடி வந்தான். தண்ணீரை ஊற்றியதும் கையை ஊன்றிக் குனிந்து அடியில் பார்த்தான். மூன்று நாளில் முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"நின்னுருச்சு மச்சான். தோலு உப்பிருச்சு." பின்பக்கம் எட்டிப் பார்த்து, "இன்னம் ஒரு மணி நேரம்தான் புள்ள, பல்லைக் கடிச்சுக்க" என்றான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் சிவசாமி வாயைத் திறந்தான். "ஆமா மாப்ளே, நின்னுருச்சு" என்று வந்தது.

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு குச்சியைச் சீவித் துணி சுற்றி அந்தத் துளையில் அடித்திருப்பான் நாகராசு. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அது தாங்கியிருக்கும். சிவசாமிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம்.

நாலு மைல் போயிருப்பார்கள். என்ஜினுக்குள் உரலில் கல்லைப் போட்டு இடித்த மாதிரி ஒரு சத்தம். நாகராசு பதறி நிறுத்துவதற்குள் அதுவே நின்றுவிட்டது. மறுபடி கிளம்பவில்லை. அடியில் நுழைந்து பார்த்தவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, "போல்ட்டு இல்லை" என்று மட்டும் சொன்னான்.

சுற்றிலும் பொட்டல். உச்சி வெயில். வண்டி பிடித்து வருகிறேன் என்று சிவசாமி ஓடினான். அவன் ஓடிய ஓட்டம் இந்த ஜென்மத்தில் ஓடாதது. செருப்பு எங்கே விழுந்தது என்று தெரியாது. ஒரு மைலுக்கு அப்பால் ஒரு குடிசைக்காரனைக் கெஞ்சி, மாட்டைத் தேடிப் பிடித்துப் பூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மருத்துவச்சி காரை விட்டு இறங்கிச் சாலை ஓரத்தில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்திருந்தது. நாகராசு கார்ப் படியில் உட்கார்ந்து உண்ணாமலையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். வண்டியைக் கண்டு அவன் எழுந்திருக்கவில்லை.

புதுக்கோட்டைப் பக்கம் பார்த்து நின்ற மாட்டை ஊர்ப் பக்கம் திருப்பினார்கள்.

வண்டிக்கு முன்னால் நாகராசு நடந்தான். புழுதியில் ஆயில் ஒழுகிய கருப்புக் கோடு வந்த வழியே நீண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனவன் இரண்டு மைல் கழித்துக் குனிந்து எதையோ எடுத்தான். சிவசாமிக்காக நின்றான்.

போல்ட்டு. அதைச் சுற்றி வெள்ளையாகக் கம்பிச் சுருள்போல ஏதோ ஒட்டியிருந்தது.

"பாருங்க மச்சான். நான் வெட்டுன மரை. பூராவும் உரிஞ்சு வந்திருக்கு. ஆட்டத்துல கழண்டு விழுந்தா இப்படி வராது. யாராச்சும் போட்டு இறுக்குனாத்தான் இப்படி வரும்." புருவத்தைச் சுருக்கி யோசித்தான். "நான் தண்ணிக்குப் போனப்ப யாரும் வண்டிகிட்ட வந்தாங்களா?"

வண்டிச் சக்கரம் ஒரு சுற்று சுற்றியது.

"யாரும் வரலையே."

"வழிப்போக்கன் எவனும்?"

"இல்லை மாப்ளே. நான் அங்கனதான நின்னேன்."

நாகராசு தலையை ஆட்டினான். அவன் முகத்தில் சந்தேகம் இல்லை. அது இருந்திருந்தால் சிவசாமி தாங்கியிருப்பான்.

"அப்ப நான்தான். அவ கத்துன கத்துல கை பதறிப் போயிக் கூடத் திருகியிருக்கேன். எனக்கே தெரியலை பாருங்க."

போல்ட்டை மடியில் முடிந்துகொண்டு மறுபடி நடந்தான்.

ஊர் வந்தபோது வாசலில் கூட்டம். சந்தனம் வண்டிக்குள் பார்த்தாள். பிறகு மருமகனைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். ஒளிக்கத் தெரியாதவன் நாகராசு.

"நான்தான் அத்தை. போல்ட்டை அதிகமா இறுக்கிட்டேன். மரை உரிஞ்சு வண்டி நின்னுபோச்சு."

சந்தனம் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான்.

"இறுக்குன கை வெளங்குமா? எம் புள்ளையையும் அது வயித்துப் புள்ளையையும் சேத்துத் தின்னுச்சு அந்தக் கை! அது அழுகிப் போகணும்!"

சிவசாமிதான் அவளைப் பிடித்து இழுத்தான். அவள் அவன் தோளில் விழுந்து, "நீயாச்சும் கூட இருந்தியே அப்பு, அவளுக்கு அந்தத் தைரியமாச்சும் இருந்திருக்கும்" என்று அழுதாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்த கையைச் சிவசாமி எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் அங்கேயே வைத்தான்.

மறுநாள் காலையில் பிறந்த வீட்டுக் கோடியை அவன்தான் போட்டான். மஞ்சள் சீலை. புள்ளத்தாச்சியாகப் போனவள், அந்த இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நட வேண்டும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் நடுகிறேன் என்று நாகராசு சொன்னான். பெரியவர்கள் வேறு பேச்சுக்குப் போனார்கள். செட்டியார் வீட்டிலிருந்து ஆள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

கொள்ளிச் சட்டி எடுக்கிற நேரம் வந்தது. இந்த ஆயில் கையோடு தொடக் கூடாது, போய்க் கழுவிவிட்டு வரட்டும் என்று ஒரு கிழவர் சொன்னார். நாகராசு கிணற்றடிக்குப் போனான். சிவசாமி பின்னாலேயே போய் வாளியை இறக்கித் தண்ணீர் சேந்தினான்.

நாகராசு சாம்பலைத் தொட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தான். உள்ளங்கை, புறங்கை, நகக்கண். சிவசாமி ஊற்றினான். அவன் மறுபடியும் தேய்த்தான்.

"மாப்ளே" என்றான் சிவசாமி.

நாகராசு நிமிர்ந்து பார்த்தான். கண் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. மச்சான் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தான். வீட்டுப் பக்கம் சங்கு ஊதினார்கள்.

"சாம்பல் இன்னம் வேணுமா?"

"கொஞ்சம் குடுங்க."

மணிக்கட்டில் தோல் சிவந்து கீறல் விட்டிருந்தது. கையில் கருப்பு எதுவும் இல்லை. அவன் நாரைக் கீழே வைக்கவில்லை.

"போகலை மச்சான். இன்னங் கொஞ்சம் ஊத்துங்க."

சிவசாமி வாளியை மறுபடியும் கிணற்றில் இறக்கினான்.