இடது கன்னத்துக்கு மரியாதை

அஞ்சுகத்தின் இடது கன்னத்துக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும் என்று மினி பஸ் கண்டக்டர் சொன்னார். அவள் எடுத்தாள். முந்தின வாரமும் எடுத்தாள். முழு டிக்கெட்தான். அரை டிக்கெட் வயதை அது தாண்டிவிட்டது என்பது கண்டக்டரின் முடிவு.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெரியவர் எழுந்து கன்னத்துக்கு இடம் கொடுத்தார். கன்னம் உட்கார்ந்தது. அஞ்சுகத்துக்கு இடமில்லை. கன்னத்தைச் சீட்டில் இருத்திவிட்டு, மிச்ச உடம்போடு இடுப்பு ஒடியக் குனிந்து நின்றபடியே வந்தாள்.

புருஷன் சன்னாசி பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"காத்து வருதுங்களா?" என்று கேட்டான். கன்னத்தைத்தான் கேட்டான்.

பத்தொன்பது வருஷமாக அவளிடம் அவன் வா, போ, சட்டியை எடு என்றுதான் பேசியிருக்கிறான். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அவன் வாய்க்குள் ஒரு 'ங்க' இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. இருந்திருக்கிறது. யாருக்கோ எடுத்து வைத்திருந்தான்.

அந்தக் கன்னத்தைக் கரைப்பதற்காகத்தான் மூன்று பேரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

சன்னாசி டைல்ஸ் ஒட்டுகிற கொத்தனார். அஞ்சுகம் அவனுக்குக் கலவை போட்டுக் கொடுத்து, கடைசியில் வெள்ளை சிமென்ட்டால் ஜாயின்ட் அடைப்பாள். ஒட்டின டைல்ஸை அவன் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். கெட்டியாகச் சத்தம் வந்தால் வேலை சரி. பொத்தென்று வந்தால் உள்ளே கலவை போகவில்லை, காற்று நிற்கிறது என்று அர்த்தம். பெயர்த்தெடுத்துவிட்டு வேறு ஒட்ட வேண்டும். ஆனி மாதம் ஒரு நாள், சாப்பாட்டுத் தூக்கை மூடிவிட்டு நிமிர்ந்தவளின் கன்னத்தை அதே முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"உள்ள காத்து நிக்கிது" என்றான்.

சொல்லும்போது சிரித்தானா என்று அவள் பார்க்கவில்லை. காதில் விழுந்துவிட்டது. பெயர்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருத்தியை ஒட்டிவிடுவானோ என்று அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தாள்.

மறுநாளே டவுனில் ஒரு முக வைத்தியக் கூடத்துக்குப் போனாள். டாக்டரம்மா இரண்டு கன்னத்துக்குள்ளும் குழியை நிரப்பி உப்ப வைக்கிற ஃபில்லரை ஊசியால் ஏற்றினார். ஜாயின்ட் அடைக்கிற வேலைதான். அஞ்சுகத்துக்கு அதில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. இடது பக்கம் மட்டும் கை கொஞ்சம் கூடுதலாக அழுத்துகிறதே என்று நினைத்தாள். ஒரு வேலைக்காரி இன்னொரு வேலைக்காரிக்குச் சொல்லிக்காட்டக் கூடாது என்று விட்டுவிட்டாள்.

வலது கன்னம் அடக்கமாக இருந்தது. இடது கன்னம் முதல் வாரம் எலுமிச்சை அளவுக்கு வந்தது. இரண்டாம் வாரம் சாத்துக்குடி. மூன்றாம் வாரம் அது பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தோடு பேச ஆரம்பித்துவிட்டது.

சன்னாசி அதைத் தட்டிப் பார்த்தான். கெட்டியான சத்தம். கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றான்.

"நல்ல வேலைங்க" என்றான். அன்றைக்கு ஆரம்பித்தது அந்த மரியாதை.

அதற்குப் பிறகு வீட்டுக்கு மல்லிகைப்பூ வந்தது. அஞ்சுகத்தின் கொண்டை நாலு விரல்கடை தூரத்தில்தான் இருந்தது. பூ கொண்டையைக் கடந்து கன்னத்துக்குப் போனது. பஞ்சவர்ணம் தன் மருமகள் சண்டையைக் கன்னத்திடம் சொல்லி யோசனை கேட்டாள். யோசனை பலித்தது என்று கொழுக்கட்டை கொண்டுவந்தாள். கொழுக்கட்டையை மென்றது அஞ்சுகம். ருசி வந்தது இடது பக்கம் மட்டும். ரேஷன் கார்டில் கன்னத்தின் பேர் சேர்ந்தது. கல்யாணப் பத்திரிகை உறைமேல் 'திருமதி கன்னம் அவர்கள்' என்று கொட்டையாக எழுதி, கீழே பொடி எழுத்தில் 'மற்றும் அஞ்சுகம்' என்று போட்டிருந்தார்கள்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. வேலை விட்டு வந்து கைகால் கழுவினதும் சன்னாசி அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்துகொள்வான். கன்னத்தோடு குசுகுசுவென்று பேசுவான். சில நாள் மூக்கை உறிஞ்சுவான். இடது காது அங்கேயேதான் இருந்தது. ஆனால் அவன் பேச ஆரம்பித்ததும் கன்னம் இன்னும் கொஞ்சம் வீங்கிக் காதை அடைத்துக்கொள்ளும். ஒரு சொல் உள்ளே வராது.

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே இன்னொருத்தியோடு பேசுகிற புருஷனை எந்தப் பஞ்சாயத்தில் நிறுத்துவது. ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள். வலி அவளுக்கு வந்தது. சன்னாசி ஓடிவந்து ஊதினது கன்னத்தை.

அப்போதுதான் கரைக்கிற ஊசி ஒன்று இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டாள். கிளம்புகிற அன்று சன்னாசி வேலைக்குப் போகாமல் கூடவே வந்தான். அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள்.

வைத்தியக் கூடம் மாடியில் இருந்தது. படி ஏறினதும் ஒரு நீள நடை. அந்தக் கோடியில் கவுன்டர் தெரிந்தது. நடந்தார்கள். கவுன்டர் கிட்டே வரவில்லை. நாலு பேர் அங்கே குந்தவைத்து டைல்ஸ் ஒட்டி நடையை நீட்டிக்கொண்டே போனார்கள். இவர்கள் பத்தடி நடந்தால் அவர்கள் பன்னிரண்டடி ஒட்டினார்கள். வேகம் இருந்த அளவுக்குச் சுத்தம் இல்லை. ஜாயின்ட் எல்லாம் வாயைப் பிளந்து கிடந்தது.

அதை மிதித்துக்கொண்டு போக அஞ்சுகத்துக்கு மனசு வரவில்லை. யாரோ வெள்ளை சிமென்ட் சட்டியை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். அடைத்துக்கொண்டே போனாள். சன்னாசி அவள் குனியும்போதெல்லாம் கன்னம் தரையில் உரசாமல் கையால் ஏந்திக்கொண்டான். அரை மைல் இப்படிப் போயிருக்கும். நாலு பேரும் சாப்பிட எழுந்து போனார்கள். அந்த நேரம் பார்த்து இவர்கள் கவுன்டரை எட்டினார்கள்.

கவுன்டரில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார்.

"யாரக் கரைக்கணும்?"

அஞ்சுகம் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"கை காட்டுனாச் செல்லாது. வீட்டுக்காரர் எழுதித் தரணும்."

விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. கரைக்க வேண்டியவர் பெயர் என்று போட்டு எதிரே கோடு கிழித்திருந்தார்கள். பெண்டாட்டிக்கும் கன்னத்துக்கும் ஒரே ஊசிதான் என்று அந்த அம்மாள் விளக்கினார். யாரை மிச்சம் வைப்பது என்று ஊசிக்குத் தெரியாது. ஆகவே குழப்பமில்லாமல் எழுத வேண்டும்.

சன்னாசி பேனாவை வாங்கினான். கோட்டைப் பார்த்தான். அஞ்சுகத்தைப் பார்த்தான். கன்னத்தைப் பார்த்தான். பேனாவைக் கீழே வைத்தான்.

"ஒரு டீ குடிச்சிட்டு வந்து எழுதுறேன்" என்றான்.

யோசித்துச் சொல்ல வேண்டிய விஷயமா அது. அஞ்சுகத்துக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்துகொண்டு வந்தது. அவன் படியிறங்கப் போனவன் திரும்பி வந்தான். அவளிடம் ஏதோ சொல்லத்தான் வருகிறான் என்று நிமிர்ந்தாள்.

"உங்களுக்குச் சக்கர போடச் சொல்லவா?" என்று கன்னத்தைக் கேட்டான். கன்னம் பாதி போதும் என்றது.

அவன் போனான். அவளும் கன்னமும் தனியாக இருந்தது அதுதான் முதல் தடவை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உங்கிட்ட அப்படி என்னதான் பேசுவாரு?"

"உன்னப் பத்தித்தான்."

"என்னப் பத்தி என்னா?"

"சாரத்துல வழுக்குனியாம்ல."

எட்டு வருஷத்துக்கு முந்தின சங்கதி. மூன்றாவது மாடி வெளிச்சுவருக்கு டைல்ஸ் ஒட்டும்போது சாரத்துப் பலகையில் அவள் கால் வழுக்கியது. ஒரு கையால் சவுக்குக் கம்பைப் பிடித்துத் தொங்கினாள். சன்னாசி இரண்டு கையிலும் டைல்ஸை ஏந்தி நின்றான். அவளாகத்தான் ஏறிவந்தாள். பார்த்து நடக்க மாட்டாயா என்று மட்டும் கேட்டான். பிறகு அந்தப் பேச்சே வரவில்லை.

"நீ தொங்கிக்கிட்டு இருந்தப்ப, டைல்ஸ ஒடையாம வைக்க எடம் தேடுனாராம். அதச் சொல்லித்தான் தெனமும் அழுவாரு" என்றது கன்னம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"மருவாதியாக் கூப்புடாம மன்னிப்புக் கேக்க வாய் வரலியாம். உன்ன மருவாதியாக் கூப்புட வெக்கமா இருக்காம்."

அஞ்சுகத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. அத்தனை அழுகையும் அவளுக்கு வந்திருக்க வேண்டியது. வழியில் இது வாங்கி விழுங்கியிருக்கிறது. வீங்காமல் என்ன செய்யும்.

எழுந்து போய்ப் பேனாவை எடுத்தாள். அவளும் சன்னாசியும் கல்யாணத்துக்குப் பிறகு மாலை வகுப்பில் ஒரே சிலேட்டில் எழுதப் பழகினவர்கள். இரண்டு பேர் கையெழுத்துக்கும் வித்தியாசம் கிடையாது. கோட்டின்மேல் 'கன்னம்' என்று எழுதினாள். கண்ணாடி அம்மாள் எழுத்தை மோந்து பார்த்தார். ஆண் எழுத்துத்தான் என்று முத்திரை குத்தினார். ஊசியைப் போட்டார். விண்ணப்பத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஷட்டரை இறக்கிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

"பாவம் அவரு" என்றது கன்னம். அதற்கப்புறம் கரைந்துவிட்டது.

அஞ்சுகம் தடவிப் பார்த்தாள். தட்டையாக இருந்தது. அவளுக்குப் பழகின பழைய முகம். ஒரு பெருமூச்சு விட்டாள். பாதி மூச்சிலேயே பயம் பிடித்துக்கொண்டது. இனிமேல் அவன் யாரிடம் சொல்லுவான். யாரிடமும் சொல்லாமல் போனால் அவளுக்கு எப்படி வந்து சேரும்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கொண்டுவந்திருந்த கூடையில் கையை விட்டாள். சட்டி சுமக்கும்போது தலைக்கு வைக்கிற சும்மாடு இருந்தது. துணியை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி, இடது கன்னத்தோடு அணைத்து, முந்தானையால் மூடி இறுக்கிக்கொண்டாள்.

சன்னாசி இரண்டு டீயோடு வந்தான். இறங்கியிருந்த ஷட்டரைப் பார்த்தான். அவன் முகம் தெளிந்தது.

"அப்ப இன்னிக்கி இல்ல" என்றான். அந்தத் தெளிச்சலைப் பார்க்க அவளுக்குக் கண் கரித்தது.

ஒரு டீயை அவன் குடித்தான். இன்னொன்றை ஊதி ஊதி முந்தானைக்குள் புகட்டினான். துணி குடித்துக்கொண்டது. பெஞ்சில் அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்தான். குசுகுசுவென்று ஆரம்பித்தான். இந்தத் தடவை காதை அடைக்க எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டாள். பலகை ஈரமாக இருந்ததை அவன் முன்னாலேயே பார்த்ததைச் சொன்னான். டைல்ஸ் வெளிமாநிலத்துச் சரக்கு, உடைந்தால் ஜோடி கிடைக்காது என்று அந்த நேரத்தில் தோன்றியதைச் சொன்னான். இன்றைக்கும் எந்த டைல்ஸைக் கையில் எடுத்தாலும் எங்கே வைப்பது என்றுதான் முதலில் கண் தேடுகிறது என்றான்.

"மன்னிச்சுக்கங்க" என்றான்.

வலது கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அஞ்சுகத்துக்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

கன்னத்தின் குரல் எப்படி இருக்கும் என்று அவள் நினைவுக்குக் கொண்டுவந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தாள்.

சும்மாடு முந்திக்கொண்டது.

"சொல்ல மாட்டேங்க" என்றது.