மூலையில் ஒரு டைல் பாக்கி

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஹெல்மெட்டால் வந்தது. என்னிடம் இல்லாத பச்சை ஹெல்மெட்.

நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் தலையைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். மஞ்சள் என்றால் கொத்து வேலை, நீலம் பைப், சிவப்பு வயரிங், பச்சை டைல். என் ஹெல்மெட் வாங்கும்போது என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கே மறந்துவிட்டது. எல்லாருடைய வேலையும் அதன்மேல் சிந்தியிருக்கிறது. அங்கே என் பெயர் ‘சில்லறை’. கதவு இறங்கிவிட்டதா, சில்லறையைக் கூப்பிடு. சுவரில் ஓட்டையா, சில்லறை எங்கே போனான்.

திங்கட்கிழமையிலிருந்து நிறமில்லாத தலை கேட்டைத் தாண்டக்கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

இதைக் கதையாக எழுத இரண்டு தொடக்கம் போட்டுப் பார்த்தேன்.

சூரியனின் பொற்கதிர்கள் மெல்ல— (இல்லை. கதை நடப்பது பாத்ரூமில். அதற்கு ஜன்னல் கிடையாது.)

ஒரு ஊரில் ஒரு தொழிலாளி— (என்ன தொழிலாளி? அதுதானே தகராறே.)

மூன்றாவது தொடக்கத்தை நீங்கள் படித்து முடித்துவிட்டீர்கள்.

2

நான் எழுத்துக் கூட்டியது தலை நரைத்த பிறகு. முழுசாக வாசித்த முதல் வாக்கியம் ஒரு பெயிண்ட் டப்பாவில் இருந்தது: ‘நன்றாகக் குலுக்கிய பின் திறக்கவும்.’ அதுவரை குலுக்காமல்தான் திறந்துகொண்டிருந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

எனக்கு எல்லா வேலையும் தெரியும். எல்லாம் பாதி தெரியும். எங்கள் வீட்டில் எல்லாமே என் கைவேலைதான். கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சாத்தவேண்டும். விளக்குக்கு ஸ்விட்சைக் கீழே தட்டக்கூடாது, மேலே தட்டவேண்டும். குழாயைத் திறக்க, மூடுகிற பக்கம் திருப்பவேண்டும். விருந்தாளி வந்தால் என் மனைவி முதலில் தண்ணீர் கொடுப்பதில்லை, பயிற்சி கொடுக்கிறாள்.

(முன்பு வேறு குழாய் இருந்தது. சொட்டுகிறதே என்று ஸ்பேனரால் அரைச்சுற்று இறுக்கினேன். வெடித்துவிட்டது. வெடித்த அந்தக் குழாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.)

3

என் மனைவியின் தம்பி பச்சைத் தலை. டைலைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது. ஆனால் டைலை விரல் முட்டியால் தட்டி, கீழே எங்கே கலவை பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவான். அவன் வீட்டில் பல்ப் போனால் எலக்ட்ரீசியன் வரும்வரை குடும்பத்தோடு இருட்டில் உட்கார்ந்திருப்பான். இவனை எழுதும்போது கஞ்சனாக, தலைக்கனம் பிடித்தவனாக எழுதினேன். அப்போதுதான் கதை சூடாக இருக்கும் என்று பட்டது.

மனைவி படித்தாள்.

“என் தம்பி எப்போங்க உங்ககிட்ட இப்படிப் பேசினான்?”

“கதைக்காக.”

“அவன்தான சூப்பர்வைசர்கிட்ட போய், எங்க மாமா டைல் போடுவார், நான் பொறுப்புன்னு சொன்னான்? அதை எழுதுங்க.”

எழுதியதை அடித்துவிட்டேன். உண்மை என்னவென்றால் அவன் நல்லவன். இதனால் கதை கொஞ்சம் சிரமப்படுகிறது.

“பச்சைத் தொப்பி கிடைச்சுடுமா?” என்று கேட்டாள்.

“ஒரு பாத்ரூம் தரையைத் தனியா போட்டுக் காட்டணும்.”

“பஸ் ஸ்டாப்புல யாராவது உங்க வீட்டுக்காரர் என்ன வேலைன்னு கேக்கறாங்க. நான் ‘அது வந்து...’ன்னு ஆரம்பிக்கிறேன். முடிக்கிறதுக்குள்ள அவங்க பஸ் வந்துடுது. ஒரே வார்த்தையில சொல்லணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?”

இந்தக் கதையில் நான் கற்பனை செய்யாத ஒரே வசனம் இதுதான்.

4

பாத்ரூம். தரையில் எல்லா டைலும் போட்டாகிவிட்டது. ரசமட்டக் குமிழி நடுவில் நிற்கிறது. எனக்கே நம்பிக்கை வராமல் மட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். மூலை டைல் ஒன்றுதான் பாக்கி. கலவை போட்டுப் பரப்பிவிட்டேன். அந்த மூலையில், சுவரோரம், பைப் ஜாயிண்ட் ஒன்று வெளியே தெரிகிறது; டைல் போட்டால் மூடிவிடும். அதன் அடியில் ஈரம்.

வாசலில் நின்ற மச்சினனிடம் சொன்னேன்.

“டேய், ஜாயிண்ட் வியர்க்குதுடா.”

“மாமா, நீங்க ஏன் அங்க பாக்கறீங்க? டைல்காரன் கண்ணு டைலுக்கு மேலதான் இருக்கணும்.”

“கீழ் வீட்டுக்காரன் தலையில ஒழுகுமே.”

“அதுக்கு நீலத் தலை இருக்கு. அவங்ககிட்ட சொல்லுங்க. ஸ்பேனர்ல மட்டும் கை வெச்சுடாதீங்க. அடுத்தவன் வேலையைத் தொட்டா தொட்டவனும் வெளிய, கூட்டிட்டு வந்தவனும் வெளிய. கூட்டிட்டு வந்தவன் நான்.”

நடையில் போன பைப்காரரை நிறுத்தினேன்.

“அண்ணே, ஒரு நிமிஷம் உள்ள வந்து பாருங்க.”

“அந்த ரூமை டெஸ்ட் பண்ணி ஒப்படைச்சாச்சுப்பா. அன்னைக்கு வியர்க்கலை.”

“இன்னைக்கு வியர்க்குதே.”

“இப்ப நான் உள்ள வந்தா அன்னைக்கு நான் சரியா பாக்கலைன்னு ஆயிடும். உன் வாளித் தண்ணி தெறிச்சிருக்கும், துடைச்சுட்டுப் போடு.”

போய்விட்டார். இதில் என்ன கொடுமை என்றால், அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். கலவை குழைத்த வாளி அங்கேதான் இருந்தது. முழுப் பைப்காரனுக்குப் பார்த்ததும் தெரியும். எனக்குப் பாதி தெரிந்ததால் சந்தேகம் மட்டும் முழுசாக வந்தது.

5

முடிவுகள்.

அ. டைலைப் போடுகிறேன். பச்சை ஹெல்மெட். பஸ் ஸ்டாப்பில் என் மனைவி ஒரே வார்த்தை சொல்கிறாள், பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. கீழ் வீட்டுக் கூரையில் ஒரு கறை, ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பெரிதாகி— (அந்த வீட்டில் யாரைக் குடிவைப்பது என்று யோசித்தேன். யாரை வைத்தாலும் பாவமாக இருந்தது.)

ஆ. ஸ்பேனரால் அரைச்சுற்று. ஈரம் நிற்கிறது. சூப்பர்வைசர் பார்த்துவிடுகிறார். நானும் மச்சினனும் கேட்டுக்கு வெளியே.

இ. அரைச்சுற்று. ஜாயிண்ட் வெடிக்கிறது. (குழாய் ஞாபகம் இருக்கிறதல்லவா.) நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம் முதல்முறையாக ஒரே அறைக்குள் கூடுகின்றன.

மனைவி முதல் முடிவை இரண்டு தடவை படித்தாள். பிறகு, “கீழ் வீட்டுல குழந்தை இருக்கா?” என்று கேட்டாள். நான் இன்னும் எழுதவில்லை என்றேன். “எழுதாதீங்க,” என்றாள். மச்சினன் மூன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, எந்த முடிவு வைத்தாலும் டைல் கோணலாகப் போகக்கூடாது என்றான். அவன் பெயர் கெட்டுவிடுமாம்.

6

ஒரே ஒரு முடிவில் தேர்ந்தவனாக இருந்தால் அதை எழுதிவிட்டுப் போயிருப்பேன். எனக்கு மூன்றும் பாதி பாதி வருகிறது.

அதனால் இப்படிச் செய்யலாம். உள்ளே வாருங்கள், புது டைலை மிதிக்காமல். கலவை இறுகிக்கொண்டிருக்கிறது. படியில் கேட்பது சூப்பர்வைசரின் செருப்புச் சத்தம். மச்சினன் வாசலில் நின்று உங்களைப் பார்க்காத மாதிரி பார்க்கிறான். இதோ டைல். ஸ்பேனர் என் பையில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாயிண்டின் அடியை இப்போதுதான் துணியால் நன்றாகத் துடைத்திருக்கிறேன். தெறித்த தண்ணீர் என்றால் காய்ந்தே இருக்கும்.

உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று நான் கேட்கப்போவதில்லை.

ஜாயிண்டின் அடியில் விரலை வையுங்கள்.