முகத்துவாரத்துக்கு வடக்கே, இப்போது

ரஞ்சித்தின் கைப்பேசி அணைந்தே கிடந்தது. ஏரிக்கரையில் நின்று கலைவாணி மறுபடியும் அழைத்தாள். அதே பெண் குரல் அதே பதிலைச் சொன்னது.

விடியலில் போனவன் உச்சி வெயில் ஏறியும் திரும்பவில்லை. இன்று அவனுக்குப் பாடு. பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்பதைக் குப்பத்தார் குலுக்கிப்போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதைத்தான் பாடு என்பார்கள். தன் பாடு வந்துவிட்டால் காய்ச்சலோடுகூடப் போவார்கள். அப்படிப்பட்ட நாளில், அவன் வரவே இல்லை என்று கூட்டாளிகள் திரும்பி வந்து சொன்னார்கள்.

மாமனார் சிங்காரம் படகுகளைத் தெற்கே தேடச் சொன்னார். பாடு இருந்த இடத்துக்குப் போகிற வழியில் இன்ஜின் நின்றிருந்தால் வாடைக்காற்று அந்தப் பக்கம்தான் தள்ளியிருக்கும் என்பது அவர் கணக்கு.

"மாமா, அவரு தெக்க இருக்க மாட்டாரு. முகத்துவாரத்தாண்ட பாருங்க," என்றாள் கலைவாணி.

"அங்க இன்னாத்துக்குப் போறான்?"

மறைத்துப் பயனில்லை. "நண்டுதின்னி பாக்க மாமா. கறுப்பும் வெள்ளையுமா ஒரு பறவ. அபூர்வமாத்தான் வரும். மணல்திட்டுல இருந்தா போட்டோ புடிச்சிட்டு அப்பால பாட்டுக்குப் போறேன்னாரு."

"பாட்ட வுட்டுட்டு குருவி பாக்கப் போவானா எம்புள்ள? கம்னு இரும்மா."

அவர் ஏறிய படகு தெற்கே கிளம்பிவிட்டது.

பொன்னேரிக் கல்லூரியில் படித்தபோது கலைவாணி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்திருந்தாள். குளிர்காலத்தில் யார் எந்தப் பறவையை எங்கே பார்த்தார்கள் என்று அதில் சொல்லிக்கொள்வார்கள். ரஞ்சித் முதலில் கேலி செய்தான். பிறகு அவளைவிட அவனுக்கே பித்துப் பிடித்தது. கல்யாணமான பிறகு அவன் பூ வாங்கி வந்ததைவிடக் கொக்கும் உள்ளானும் படம் எடுத்து வந்த நாட்களே அதிகம். 'நண்டுதின்னி மட்டும் நமக்குக் கெடைக்காது போல' என்று நேற்று அவள்தான் உதட்டைப் பிதுக்கினாள்.

குழுவில் எழுதினாள்: 'என் கணவரைக் காணவில்லை. நீலப் படகு. முகத்துவாரத்துப் பக்கம் யாராவது இருந்தால் தயவுசெய்து பாருங்கள்.'

ஒருவர் கும்பிடும் கைகளைப் போட்டார். அதற்குக் கீழே காட்டூர் வயலில் எடுத்த அரிவாள்மூக்கன் படம் வந்தது. அதற்கு ஏழெட்டுப் பேர் கைதட்டினார்கள்.

பொய்த்தகவல் போட்டால் குழுவை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று கலைவாணிக்குத் தெரியும். இருந்தாலும் அடித்தாள்: 'நண்டுதின்னிக் கூட்டம். முகத்துவாரத்துக்கு வடக்கே, இப்போது.'

குழு பொங்கியது. பழவேற்காட்டில் இருந்தவர்களெல்லாம் தொலைநோக்கிகளோடு கடற்கரைக்கு ஓடினார்கள். சற்று நேரத்தில் குழுவை நடத்துகிற ஜான்சன் அழைத்தார்.

"எங்கம்மா இருக்கு? திட்டு முழுக்கப் பாத்துட்டேன். கடல்காக்காதான் இருக்கு."

"பறவ இல்ல சார். படகு எதுனா தெரியுதா?"

"இன்னாம்மா விளையாட்டு இது? கும்மிடிப்பூண்டியிலேர்ந்துகூட ஆளு கெளம்பிட்டாங்க!"

"என்னைத் தூக்கிடுங்க சார். ஆனா இப்ப பாருங்க. எங்க வூட்டுக்காரரு சார்."

அவர் மணலில் ஓடுவது காற்றின் இரைச்சலோடு கேட்டது.

"நீலமா ஒண்ணு கவுந்து கெடக்கு," என்றார் கடைசியில். "அதும்மேல ஒரு ஆளு படுத்திருக்காரு. அலை ஒடையிற எடத்தத் தாண்டிப் போயிட்டிருக்கும்மா. தண்ணி கடலுக்கு இழுக்குது."

கலைவாணி போட்ட கூச்சலில் மாமியார் கஸ்தூரியம்மாள் ஓடிவந்து தன் போனில் சிங்காரத்தைப் பிடித்தாள். "யோவ், படக வடக்க திருப்புய்யா! உம்புள்ள முகத்துவாரத்துல போறான்யா!"

ஜான்சன் சொல்ல, கலைவாணி சொல்ல, கஸ்தூரியம்மாள் கத்தினாள். படகு வந்து சேர ஒரு யுகமானது. வந்த பிறகும் அலை மறைத்ததில் படகிலிருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. கடற்கரையில் தொலைநோக்கி வைத்திருந்தவருக்குத்தான் தெரிந்தது.

"இன்னும் வலதுபக்கம்," என்றார் ஜான்சன்.

"சோத்துக்கைப் பக்கம் அத்தை!"

"சோத்துக்கைப் பக்கம்யா! கண்ணு அவிஞ்சா பூட்ச்சி?"

"ஐயோ," என்றார் ஜான்சன்.

"சார்? இன்னா சார்?"

"அலை அடிச்சுது. ஆளக் காணோம். படகு மட்டும்தான் தெரியுது."

கலைவாணி இதை மாமியாரிடம் சொல்லவில்லை. கஸ்தூரியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வளையல் உடைந்தது. இரண்டு பேருமே குனிந்து பார்க்கவில்லை.

"ஒருத்தர் குதிச்சிட்டாரு," என்றது போன். பிறகு, "தூக்குறாங்க. ரெண்டு பேரையும் ஏத்திட்டாங்க."

கஸ்தூரியம்மாள் மருமகளின் போனைப் பிடுங்கினாள்.

"சாரு, நான் அவனப் பெத்தவ. உசுரு இருக்கா இல்லியா, அத்த மட்டும் சொல்லு."

"படுத்திருக்காரும்மா. அசையல. இருங்க... குப்புறப் புரட்டி முதுக அமுக்குறாங்க."

கஸ்தூரியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுந்து உக்காந்துட்டாரு! ஒரு பெரியவரு அவர அடிக்கிறாரும்மா. தலையிலயே அடிக்கிறாரு. இவரும் கைய நீட்டி நீட்டி ஏதோ எதிர்த்துப் பேசுறாரு."

போனை மருமகளிடம் கொடுத்துவிட்டு கஸ்தூரியம்மாள் ஈரமணலில் அப்படியே உட்கார்ந்தாள். "அடிக்கட்டும்," என்றாள், அழுதுகொண்டே. "கரைக்கு வரட்டும், மிச்சத்த நீயும் நானும் பாத்துக்கலாம்."