நடுப்பாகு

எங்கள் கிடங்கு இருந்தது எங்கள் பெயரில், அனுபவித்தது கட்டெறும்புகள். மழை எட்டிப் பார்க்காத ஊர். காய்ந்த மண்தரையைக் குடைந்து, விரல் நுழையும் பொந்துகள் வைத்திருந்தன. வெயில் சாய்ந்ததும் படையெடுக்கும். பெரியவற்றுக்கு உடம்பைவிடத் தலைக்கனம் அதிகம். மூடி சரியாகப் பொருந்தாத பேரீச்சம்பாகுப் பீப்பாய்களில் இறங்கி, ஒட்டி, செத்து, ஊறிக் கிடந்தன. மோந்தால் இனிப்புக்கு அடியில் காடி வாடை குமட்டியது.

"கொட்டிடலாம் மாமா," என்றேன்.

"கொட்டினா கடையையும் சேர்த்துக் கொட்டணும் மாப்ளே," என்றார் மாமனார். எங்களுக்கு மிஞ்சிய ஒரே பெரிய கிராக்கி மிட்டாய்க் கம்பெனிக்காரர். அவரும் போனால் வியாபாரம் அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் மேல்சரக்கை எவனும் நம்பமாட்டான். நீளக் கரண்டியை அடிவரை விட்டுத்தான் ருசி பார்ப்பான். அதனால் மாமனார் முன்வரிசைப் பீப்பாய்களில் அடியிலும் மேலேயும் வடிகட்டிய பாகு, நடுவில் எறும்புப் பாகு என்று ஊற்றினார். வடிகட்டிய துணியைப் பிழிந்தது நான். காலும் கொம்பும் தலையுமாக விரலிடுக்கில் அப்பிக்கொண்டன. எத்தனை சோப்புப் போட்டும் அருவருப்பு போகவில்லை.

கம்பெனிக்காரர் வந்தார். கரண்டி அடிவரை போனது. போனது திரும்பி வரவேண்டுமே, அதை மாமனார் யோசிக்கவில்லை. நடுவைக் கடந்து வந்ததில் கருப்பாகச் சில மினுமினுத்தன.

"என்னய்யா இது?"

"மிளகு மொதலாளி. வாசனைக்கு."

"மிளகுக்குக் கால் இருக்கு?"

"காம்புங்க அது."

"அப்ப சாப்பிட்டுக் காட்டுங்க."

மாமனார் இமைக்காமல் வாயில் போட்டு மென்றார். நறுக்கென்ற சத்தம் எனக்கே கேட்டது. உதட்டோரம் ஒட்டிய காலையும் நாக்கால் வழித்துக்கொண்டு, "சுள்ளுனு இருக்கு," என்றார்.

"சரக்கை எடுத்துக்கறேன். ஆனா ஒவ்வொரு பீப்பாய்லயும் இதே மாதிரி ஒரு கரண்டி."

மாமனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எனக்கு அல்சர், மாப்ளே."

அடுத்த பீப்பாயின் கரண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாயருகே கொண்டுபோனேன். அதில் ஒரு எறும்பு இன்னும் சாகவில்லை. உதட்டைக் கவ்வியது. கரண்டி எகிறியது, காலையில் தின்றதெல்லாம் கம்பெனிக்காரரின் பளபளத்த செருப்பின்மேல் விழுந்தது.

அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு லாரியில் ஏறினார். லாரி காலியாகவே கிளம்பியது.

புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்த மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணையே குடுத்தேன். எனக்காக ஒரு எறும்பை முழுங்க மாட்டியா நீ?"